கோளாறு லைனில் இல்லை

எண்பதுகளில் அரியலூர் பக்கம் ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தேன். சில மாதங்களாகப் போனில் எல்லோரும் முணுமுணுப்பது போலிருந்தது. லைன் சரியில்லை என்றே எல்லோரிடமும் சொன்னேன். இடது காது ஓயாமல் இரைந்ததையும், நடக்கும்போது தள்ளாடியதையும் வீட்டில் மறைத்துவிட்டேன்.

ஒரு நாள் கீழப்பழுவூரிலிருந்து ஒருவர் வெளியூருக்கு டிரங்க் கால் கேட்டார். நம்பரை மூன்று முறை சொல்லியும் எனக்குப் பிடிபடவில்லை.

"வாயில என்ன கொழுக்கட்டையா? சத்தமா சொல்லுங்க!" என்று கத்தினேன்.

அவர் ஏதோ சொன்னார். "மத்த காதுல வச்சு" என்பது மட்டும் காதில் விழுந்தது. எரிச்சலோடு ஹெட்செட்டை வலது காதுக்கு மாற்றினேன். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

"எம் பொண்ணு திருச்சி ஆஸ்பத்திரில கெடக்கும்மா. கோவிச்சுக்காம லைன் போட்டுக் குடுங்க."

போட்டுக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாய் வரவில்லை.

அதன் பிறகுதான் வீட்டில் உண்மையைச் சொன்னேன். சென்னையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், "கேன்சர் இல்லம்மா. காது நரம்புல அபூர்வமா வர்ற சாதாரணக் கட்டி. எடுத்துடலாம், ஆனா அந்தக் காது இனிமே கேக்காது" என்றார்.

ஆபரேஷனில் பக்கத்திலிருந்த முக நரம்பும் பாதிக்கப்பட்டு, வாயும் ஒரு பக்கம் கோணிவிட்டது.

"ஒத்தக் காதை வச்சுக்கிட்டு என்னத்தக் கிழிப்ப? வேலைய எழுதிக் குடுத்துட்டு வூட்டோட இரு" என்றார் அண்ணன்.

"டெலிபோனுக்கு ஒரு காது போதும்ண்ணே. நான் வேலைய வுடமாட்டேன்" என்றேன்.

கோணிய வாயோடு போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். இன்றும் யாராவது இடப்பக்கம் நின்று பேசினால், "இந்தக் காது செவுடு, அந்தப் பக்கம் வந்து சொல்லுங்க" என்பேன். அதை மறைத்த காலத்தில்தான் நான் ஊரையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தேன்.