அடுத்த மாதக் கடைசி வரை

ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வேலை பார்க்கும் பால்கோவா கடையில், டப்பாக்களுக்கு லேபிள் அடித்து ஒட்டுவது என் பொறுப்பு. முன்பக்கம் நின்று ஆட்களிடம் பேசச் சொன்னால் எனக்குக் கை வேர்த்துவிடும். அதனால் கல்லாவுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் இருக்கும் மூலையே எனக்குப் பிடித்திருந்தது.

அன்று காலை வத்திராயிருப்பு பஸ்ஸுக்குப் போகிற அவசரத்தில் ஒருவர் அரைக்கிலோ டப்பாவை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, போன தடவ பத்து நாள்தான் போட்டிருந்தீக. இப்ப அடுத்த மாசக் கடைசி வரைக்கும் வச்சுத் திங்கலாமா? மருந்து கிருந்து கலக்குறீகளா?"

கடை அண்ணாச்சி சிரித்துக்கொண்டே டப்பாவை வாங்கினார். பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. செய்த தேதி இருபத்தைந்து; அது சரி. சாப்பிட வேண்டிய கடைசி நாளோ அடுத்த மாதம் முப்பத்தொன்று. அலமாரியில் அடுக்கியிருந்தவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பினேன். எல்லாம் அப்படியே.

"உன் தம்பிய நீதானம்மா கூட்டியாந்த?" என்றார் அண்ணாச்சி. அவர் கத்தியிருந்தால் தேவலை.

தம்பி ராஜபாளையத்தில் பேண்டேஜ் தயாரிக்கும் ஆலை ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். ஆலைக்காக எழுதிய லேபிள் புரோகிராமைக் கொஞ்சம் மாற்றி எங்கள் கடைக்கும் தந்திருந்தான். இருபதாம் தேதி சாயங்காலம் வந்து ஏற்றினான். ஒரு லேபிள் அடித்துக் காட்டினான். முப்பது என்று வந்தது. பத்து நாள், கணக்குச் சரி. டீ குடித்துவிட்டுப் போனான்.

போனில் கூப்பிட்டேன்.

"உங்க கடைக்குப் பத்து நாள்னு மட்டுந்தான்க்கா போட்டேன். வேற ஒண்ணையும் தொடலயே."

"பொறவு எப்படில முப்பத்தொண்ணு வரும்?"

"செத்த பொறு, வாரேன்."

அவன் வரும்வரை டப்பாக்களிலிருந்து லேபிளை உரித்துக்கொண்டே இருந்தேன். நகக்கண் எரிந்தது. வெளியே போன டப்பாக்கள்தான் கண்ணுக்குள் நின்றன. தேதியை நம்பி யாராவது புளித்ததைப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டால்?

மத்தியானம் வந்தவன் தான் எழுதியதையே திரும்பத் திரும்பப் படித்தான். தப்பு கிடைக்கவில்லை. பிறகு சட்டென்று நாக்கைக் கடித்தான்.

"அக்கா, இது நான் எழுதுன எடத்துல இல்ல."

தேதியோடு நாள் கூட்டும் கணக்கை அவன் எழுதவில்லையாம். யாரோ முகம் தெரியாத ஒருவர் எழுதி இணையத்தில் பொதுவாக வைத்திருக்கும் பேக்கேஜை, அதாவது ரெடிமேட் புரோகிராமை, எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறான். ஆலையில் பேண்டேஜ் பெட்டிக்கு எந்தத் தேதி வந்தாலும் அந்த மாதத்தின் கடைசி நாளைத்தான் அச்சடிக்க வேண்டும். அதைத் தன் புரோகிராமில் எழுதாமல், அந்த பேக்கேஜுக்கு உள்ளே போய், நாள் கூட்டும் கணக்கிலேயே ஒரு வரியைச் சேர்த்துவிட்டான். அப்புறம் மறந்தும்விட்டான். எங்களுக்காக எல்லாவற்றையும் நகல் எடுத்தபோது அந்த வரியும் கூடவே வந்திருக்கிறது. இருபதோடு பத்து கூட்டினால் முப்பது. மாதக் கடைசியும் அதுவே. அதனால் அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாளிலிருந்து பத்து நாள் கூட்டினால் அடுத்த மாதம் பிறந்துவிடும்; எல்லா டப்பாவும் அந்த மாதக் கடைசிக்குத் தாவிவிட்டது.

"அடுத்தவன் எழுதினதுல ஏன்ல கை வச்ச?"

"எங்க புரோகிராம்ல அம்புட்டு எடத்துலயும் மாத்தணும்க்கா. அங்கன்னா ஒரே வரி. மேனேஜர் வேற தலைக்கு மேல நின்னாரு."

பேக்கேஜைப் புதிதாக இறக்கிப் போட்டான். லேபிளில் ஐந்தாம் தேதி வந்தது. ஆனாலும் அவன் முகம் தெளியவில்லை. "இதே மாதிரி ஆலையில யாராவது புதுசா இறக்கிட்டா நான் சேத்த வரி போயிரும். எதனால போச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே பைக்கைக் கிளப்பினான்.

கொரியரில் வாங்கியவர்களின் எண்கள் இருந்தன. அண்ணாச்சி போனை என்னிடம் நீட்டினார். "நான் பேசுனா யாவாரம்னு நெனப்பாக. நீயே சொல்லு."

முதலில் எடுத்தவர் மதுரைக்காரர், வயதானவர். பால்கோவா கடை, தேதி தப்பு என்று திக்கித் திக்கிச் சொன்னேன்.

"ஓடிபி கேப்பியா?"

"இல்லங்கய்யா."

"கேப்ப, கேப்ப." வைத்துவிட்டார்.

மறுபடியும் கூப்பிட்டேன். "வச்சிராதீங்கய்யா. டப்பாவுல செஞ்ச தேதியப் பாருங்க. அதுலருந்து பத்து நாள்தான்."

எழுந்து போகும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர், "மக அடுத்த மாசம் பதினெட்டாம் தேதி வாரா. அவளுக்குன்னு வச்சிருக்கேன்" என்றார்.

"அதுவரைக்கும் தாங்காதுங்கய்யா. இப்பவே சாப்பிட்டிருங்க."

"எனக்குச் சுகரு. டாக்டர் பில்லு உங்க கடைக்கு அனுப்பவா?"

"சரிங்கய்யா" என்றேன்.

கொரியர்காரர்களை எல்லாம் சாயங்காலத்துக்குள் பிடித்துவிட்டேன். கடையில் வாங்கி பஸ் ஏறியவர்களுக்கு எண் ஏது? அண்ணாச்சி அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டார். அதைப் படிக்க அவர்கள் திரும்பி வரவேண்டுமே. மடவார் வளாகத்தில் இருக்கும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் பஸ் ஸ்டாண்டுக்குள் நடந்தேன். மம்சாபுரம் பஸ் நகர ஆரம்பித்திருந்தது. ஜன்னலோரம் ஒரு அம்மாவின் மடியில் எங்கள் கடைப் பை. ஓடிப்போய் பஸ்ஸைத் தட்டி நிறுத்தினேன்.

"என்னைக்கும்மா வாங்கினீக?"

அந்த அம்மா பையை விரித்துக் காட்டினார். உள்ளே கத்தரிக்காய்.