ஒன்றுமே முளைக்காத தட்டு

அந்தப் பல் மருத்துவக் கல்லூரியில் அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி வாட்ச்மேனிலிருந்து முதல்வர் வரை எல்லோருக்கும் அவர் பல்லக்காதான். இரண்டாம் மாடி ஆய்வுக்கூடத்தில் பதினாறு வருடமாக உதவியாளர். பிடுங்கிய பற்கள் கீழ்த்தளச் சிகிச்சைப் பிரிவிலிருந்து பாட்டிலில் வரும். ஒட்டியிருக்கும் சதையை நீக்கி, மேல்பாகத்தை அறுத்து, வேர்களை ஒரே அளவாக வெட்டி வைப்பது அவர் வேலை. பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். எதிர்த்துப் பேசாத பற்களோடுதான் தனக்கு ஒத்துப்போகிறது என்பார் அவர்.

அந்த வருடம் ஆய்வுக்கூடத்தின் டாக்டர் ஒரு புது மருந்தைக் கையில் எடுத்திருந்தார். வேர் சிகிச்சை செய்த பல் சிலருக்கு மறுபடியும் சீழ் பிடிக்கும். வேருக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களில் கிருமிகள் வழவழப்பான படலம் கட்டிக்கொண்டு பதுங்கியிருப்பதுதான் காரணம். புது மருந்து ஒரு பெப்டைடு. புரதத்தின் சின்னத் துண்டு அது. நம் எச்சிலிலேயே அதன் சொந்தபந்தங்கள் உண்டு. கிருமியின் மேல் போய் ஒட்டிக்கொண்டு, அதன் தோலில் ஓட்டை போட்டுவிடும்.

பல்லக்காவுக்கு இதில் தனி அக்கறை. பஸ் டிரைவரான அவர் கணவர் ஒரே கடைவாய்ப் பல்லுக்கு இரண்டு தடவை வேர் சிகிச்சை செய்தும் கன்னம் வீங்கி, கடைசியில் அதைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார். பல்லைக் காகிதத்தில் சுற்றி மனைவியிடம் நீட்டி, தன்னைப் படுத்தியதற்கு இதை நன்றாகப் படுத்து என்றாராம். அடைப்பு போட்ட பல் சோதனைக்கு ஆகாது என்று சொல்ல பல்லக்காவுக்கு மனம் வரவில்லை.

ஆனால் மருந்து காலை வாரிவிட்டது. சோதனைக் குழாயில் பத்தே நிமிடத்தில் கிருமிகளைத் துடைத்தெடுத்த பெப்டைடு, பல்லுக்குள் போனதும் படுத்துவிட்டது. வேருக்குள் மூன்று வாரம் கிருமியை வளர்ப்பார்கள். பிறகு, பல் டாக்டர்கள் செய்வது போலவே பிளீச் கரைசலால் கழுவி உலர்த்தி, பெப்டைடை விட்டு ஒரு நாள் மூடி வைப்பார்கள். உள்ளே மெல்லிய காகிதக் குச்சியை விட்டெடுத்து, கிருமிக்கான சத்துக்கூழ் பரப்பிய தட்டில் தடவினால், உயிரோடிருப்பவை மறுநாள் வெள்ளைப் புள்ளிகளாக முளைத்து நிற்கும். எட்டு மாதமாகத் தட்டெல்லாம் புள்ளி மயம். மருந்து நுண்குழாய் வரை போய்ச் சேரவில்லை, மாதக் கடைசியோடு நிறுத்திவிடலாம் என்ற முடிவுக்கு டாக்டர் வந்துவிட்டார்.

மீதமிருந்தவை ஆறே பற்கள். கழுவி உலர்த்திய அவற்றில் மருந்தை விடுவதற்காகக் குனிந்தபோது பல்லக்காவின் மூக்கில் ஏதோ பட்டது. பிளீச். ஒவ்வொரு பல்லாக எடுத்து முகர்ந்து பார்த்தார். ஆறிலும் அதே வாசனை. கையிலிருந்ததை வைத்துவிட்டு நேராக டாக்டர் அறைக்குப் போனார்.

“சார், காயவெச்ச பல்லுல இன்னும் பிளீச் வாசனை வருது.”

கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், அதனால் என்ன என்று டாக்டர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

“பல்லுல ஒட்டின சதையை நான் அதுல ஊறப்போட்டுத்தானே சார் கரைக்கிறேன்? சதையும் புரதம், நம்ம மருந்தும் புரதம். சதையையே கரைக்கிறது, மருந்தை மட்டும் சும்மா விடுமா?”

டாக்டர் தலை நிமிர்ந்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, அலமாரிகளைத் திறந்து திறந்து மூட ஆரம்பித்தார். பிளீச்சை முறிக்கும் உப்பு ஒரு டப்பாவில் இருந்தது. மூன்று பற்களுக்குப் பழைய முறை, மூன்றுக்கு அந்த உப்புக் கரைசலால் கழுவிய பிறகு மருந்து என்று அங்கேயே முடிவானது.

இரண்டு நாள் கழித்துக் காலையில் பல்லக்கா கைப்பையைக்கூடக் கழற்றாமல் தட்டுகளை வெளியே எடுத்தார். பழைய முறைத் தட்டுகள் மூன்றிலும் வழக்கம்போலப் புள்ளிகள். புது முறையில் ஒன்றில் நான்கே புள்ளி, மற்ற இரண்டும் துடைத்துவிட்டது போலச் சுத்தம். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திருப்பிய வேகத்தில் ஒரு தட்டின் மூடி கீழே விழுந்தது.

டாக்டரும் பரபரப்பாகத்தான் இருந்தார், ஆனால் ஒரு கேள்வி கேட்டார். கிருமியைக் கொன்றது அந்த உப்பாகவும் இருக்கலாமே? அதனால் மறுபடி இருபத்துநான்கு பற்கள். எல்லாவற்றுக்கும் உப்புக் கழுவல் உண்டு. பாதிக்கு மருந்து, பாதிக்கு வெறும் தண்ணீர். எது எது என்பது டாக்டரின் மேசை இழுப்பறையில் பூட்டிய தாளில் மட்டும் இருந்தது. கிருமி வளர வேண்டிய மூன்று வாரமும் பல்லக்கா அந்த இழுப்பறையைக் கடக்கும்போதெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே போனார்.

முடிவு வந்த காலையில் அவர் புள்ளிகளை எண்ணி எண்ணி வாசிக்க, டாக்டர் தாளில் சரிபார்த்தார். ஒன்பது தட்டுகள் மொத்தச் சுத்தம். ஒன்பதும் மருந்து விட்டவை. மீதி மூன்று மருந்துத் தட்டுகளில் விரல்விட்டு எண்ணுகிற அளவு. தண்ணீர்த் தட்டுகள் பன்னிரண்டிலும் புள்ளி மயம். டாக்டர் தாளை மேசையில் வைத்தார்.

“அக்கா, எட்டு மாசமா மருந்தை நாமளேதான் கொன்னுட்டிருந்தோம்” என்றார்.

பல்லக்கா வராந்தாவுக்கு ஓடிப்போய்க் கணவருக்குப் போன் போட்டார்.

“என்னங்க, ஒண்ணுமே முளைக்கல!”

டிப்போவில் டீ குடித்துக்கொண்டிருந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. “முளைக்கலன்னா வருத்தம்தானே படணும்? நீ ஏன் இப்படிக் குதிக்கிற?”

விளக்கி முடிப்பதற்குள் அவருடைய பஸ் கிளம்பும் நேரம் வந்துவிட்டது.

ஆய்வுக் கட்டுரையில் பல்லக்காவின் பெயர் மூன்றாவதாக வந்தது. கல்லூரிக் கூட்டத்தில் மேடையேறி ஐந்து நிமிடம் பேசவும் செய்தார். தொடங்கிய பிறகு நிறுத்தத்தான் ஆள் தேவைப்பட்டது. பிடுங்கிய பல்லில் ஜெயித்தது மனிதர் வாய்க்கு வர இன்னும் பல வருடச் சோதனைகள் பாக்கி என்பது அவருக்குத் தெரியும். இப்போது மருந்து, நிஜ வாயில் வேருக்குள் கசிகிற ரத்தநீர் கலந்தால் தாக்குப்பிடிக்குமா என்று பார்க்கிறார்கள். போன வாரம் பத்தில் எட்டு சுத்தம், இரண்டு சொதப்பல். அந்த இரண்டும் எதனால் என்று பல்லக்காவுக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. நாளைக் காலை முதல் வேலையாக அதைப் பேசிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.