பாடி குரூப்

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு நான் கணக்கு டீச்சர். காக்கநாட்டில் நடந்த பயிற்சியில்தான் அந்தக் கொள்கையைக் கேட்டேன். அறிவு ஒரே வகை இல்லை, பல வகை. ஒரு பிள்ளைக்குப் பாட்டில் ஏறும், ஒன்றுக்குப் படத்தில், ஒன்றுக்குக் கைகாலை ஆட்டினால். வகுப்பில் உள்ள கருவிகளை வைத்து ஒரே பாடத்தை எல்லா வழியிலும் கொடுங்கள் என்றார்கள். எனக்குப் பிடித்துப்போனது. இன்றும் அந்தக் கொள்கையைக் குறை சொல்ல மாட்டேன். நான் நம்பிய ஆளைச் சொல்வேன்.

எங்கள் கம்ப்யூட்டர் டீச்சர். மலையாளி. தினமும் என் டிபன் பாக்ஸில் கைவிட்டுப் புளியோதரை தின்றவள். யாருக்கு எந்த வழி ஒத்துவரும் என்று டேப்லெட்டில் படங்களைக் காட்டி இருவரும் சேர்ந்து பார்த்து ஒரு லிஸ்ட் போட்டோம். "இது பாடம் நடத்தத்தான். பிள்ளைகளைப் பிரிக்க இல்ல. நம்ம ரெண்டு பேரோட இருக்கணும்" என்றேன். "சத்யம், டீச்சறே" என்று தன் தலையில் கைவைத்துச் சொன்னாள். அதை நம்பிப் பெற்றோர் கூட்டத்திலும், பிள்ளைகளைப் பிரிக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஒரு பெண்ணுக்குப் பின்னம் ஏறவே இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பம். அம்மா மார்க்கெட்டில் காய் விற்கிறாள். புரொஜெக்டரைத் தரைப்பக்கம் திருப்பினேன். தரையில் கட்டங்கள் விழுந்தன. அரைக்கு எத்தனை கட்டம், காலுக்கு எத்தனை கட்டம் என்று குதிக்கச் சொன்னேன். சில நாளில் அவளே மற்ற பிள்ளைகளுக்குக் குதித்துக் காட்டினாள்.

ஓணம் லீவு முடிந்து வந்தால், வாசலில் உள்ள பெரிய திரையில் பெயர்கள் ஓடுகின்றன. அவள் பெயருக்கு நேரே 'பாடி குரூப்'. அந்த குரூப் இனி சி டிவிஷன். அங்கே கணக்கு வாரத்துக்கு ஒரு பீரியட், மீதி நேரம் தையலும் விளையாட்டும்.

அம்மா கடையைப் போட்டது போட்டபடி ஓடிவந்தாள்.

"என்னா டீச்சர், உசுரோட நிக்கிற புள்ளையப் பாடின்னு போட்ருக்கீங்க?"

ஹெட்மாஸ்டர் சிரித்தார். "பாடி எந்நு வெச்சா சரீரம், சேச்சி. மோளுக்கு சரீரத்திலாணு புத்தி."

"ஏன், எம்புள்ளைக்குத் தலையில இல்லையா?"

நான் கம்ப்யூட்டர் டீச்சரைப் பார்த்தேன். "அந்த லிஸ்ட்ட நீயா கொடுத்த?"

"சார் கேட்டாரு, ஞான் கொடுத்து. அதுக்கு இப்ப என்தா?" முகத்தில் கூச்சமே இல்லை. அந்த வாரம்தான் பள்ளியின் டிஜிட்டல் வேலைகளுக்கெல்லாம் அவளைத் தலைவி ஆக்கியிருந்தார்கள்.

"இவளுக்குக் கணக்கு வரும். இப்பவே போடச் சொல்லுங்க" என்றேன்.

மூன்றில் ஒன்றையும் ஆறில் ஒன்றையும் கூட்டச் சொன்னார் ஹெட்மாஸ்டர். அந்தப் பெண் வகுப்பு போர்டு முன்னால் நின்றாள். கால் இரண்டும் லேசாகத் துள்ளின. பிறகு இரண்டில் ஒன்று என்று எழுதினாள்.

ஹெட்மாஸ்டர் விடையைப் பார்க்கவில்லை. அவள் காலைக் காட்டினார். "கண்டோ? பாடி!" கம்ப்யூட்டர் டீச்சர் தலையாட்டினாள்.

"சார், விடை சரியா தப்பா? அத மட்டும் சொல்லுங்க" என்றாள் அம்மா.

"சரி" என்று நான்தான் சொன்னேன்.

"அப்பப் பிரிக்க மாட்டோம்னு சொன்னது?" இதை என்னைப் பார்த்துக் கேட்டாள். அவளுக்கு வாக்குக் கொடுத்தவள் நான்தான். வேறு யாரைக் கேட்பாள்?

பழைய வகுப்பில் விடச் சொல்லி எழுதிக் கொடுத்தேன், கத்தினேன், நிர்வாகத்தைப் போய்ப் பார்த்தேன். "இந்தப் பரிபாடி, இந்தத் திட்டம், டீச்சர் கொண்டுவந்ததுதானே?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். அம்மா டிசி வாங்கிக்கொண்டாள். காரணம் என்ற இடத்தில் ஆபீஸில் 'வீடு மாற்றம்' என்று எழுதினார்கள். அது பொய், திருத்துங்கள் என்றேன். யாரும் திருத்தவில்லை. அவர்கள் இன்றும் பள்ளிக்குப் பின்னால் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள்.