உமிக் கூடைச் சோறு

"மாமா, கொதிக்கிற தண்ணியில அரிசியப் போட்டு, துண்டச் சுத்தி வச்சா, தானா வெந்துருமாம்!" மருமகள் செல்போனில் படம் காட்டினாள்.

போடியில் எங்கள் அம்மா அப்படித்தான் பொங்கினாள். விடியுமுன் அரிசி ஒரு கொதி வந்ததும், பானையைக் கம்பளியில் சுற்றி உமிக் கூடையில் இறக்கிவிட்டு, ஏலக்காய் எடுக்க ஜீப்பில் மலையேறிவிடுவாள். மாலையில் கம்பளி வாடையோடு சுடச்சுடச் சோறு இருக்கும்.

ஒருநாள் காலையில் என்னைப் பள்ளிக்குக் கூப்பிட வந்த கூட்டாளி கூடையைப் பார்த்தான்.

"என்னடா, ஒங்க சோத்துக்குக் குளிர்காய்ச்சலா?"

வெட்கத்தில் கம்பளியை உருவி எறிந்தேன்.

மாலையில் பானைக்குள் அரைவேக்காட்டு அரிசி ஊறிக் கிடந்தது.

"கம்பளிய எடுத்தது யாருடா?"

நான் அக்காவைக் காட்டினேன்.

"நான் இல்லம்மா," என்று அவள் அழுதாள்.

நாளெல்லாம் மலையில் நின்று வந்த அலுப்பில் அம்மா கத்தினாள். "இனிமே பள்ளிக்கூடம் வேணாம். வீட்ல கெடந்து நீயே பொங்கு!"

அக்கா அதற்குப்பின் பள்ளிக்கே போகவில்லை. நான் கல்லூரிவரை படித்தேன்.

இன்று மதியம் பஸ்சேறிச் சிலமலைக்குப் போய் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அவளுக்கு ஞாபகமெல்லாம் அழிந்து நாளாகிவிட்டது, அது தெரிந்தேதான் சொன்னேன்.

முழுவதும் கேட்டுவிட்டு அவள் என் கன்னத்தைத் தொட்டாள்.

"யாரு பெத்த பிள்ளையோ! சாப்டியா, அப்பு?"