மூடிய கையை மேலும் மூடியவர்

சகாயமேரி அம்மாவின் வைத்திய அறை வாசலில், அந்த நீல பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்த எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். அவர் இறந்த செய்தியை உங்களில் பலருக்கு யாராவது போனில் சொல்லியிருப்பார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே வாசித்துத் தெரிந்துகொண்டேன்.

அன்று திங்கட்கிழமை. எரியோட்டிலிருந்து வந்து திண்டுக்கல் பஸ் நிலையத்தில் இறங்கினேன். சட்டைப் பையில் புதிதாகச் சீவிய பென்சில் இருந்தது. அம்மாவின் நோட்டில் எனக்காக ஒரு பக்கம் பல மாதமாகக் காலியாகக் கிடந்தது. அன்றைக்கு அதை எழுதி முடித்துவிடுவது என்று கிளம்பியிருந்தேன்.

எங்கள் எழுத்தறிவு வகுப்பில் அட்டைகள் உண்டு. மேலே மாட்டின் படம் இருக்கும், கீழே மாடு என்று எழுதியிருக்கும். படத்தைப் பார்த்துவிட்டு வாசித்ததாக ஏமாற்றக் கூடாது என்பதால், படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசிக்க வேண்டும். பிறகு கையை எடுத்து, சரிதானா என்று பார்த்துக்கொள்ளலாம். எழுபத்தொரு வயதில் இதைவிட இன்பமான விளையாட்டு எனக்கு அமையவில்லை. எழுத்து ஒட்டிய சுவரைக் கண்டால் நின்றுவிடுவேன். திண்டுக்கல்லில் அப்படிச் சுவருக்குப் பஞ்சமில்லை. 'கண்ணீர் அஞ்சலி' என்ற இரண்டு சொல்லும் எனக்கு எப்போதோ மனப்பாடமாகிவிட்டன. அதனால் அதைத் தாண்டிப் போய்ப் பெயரை வாசிப்பதுதான் என் பழக்கம்.

அன்றும் டீக்கடைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு போஸ்டர். பசை இன்னும் காயவில்லை. வலது உள்ளங்கையால் படத்தை மூடிக்கொண்டு சத்தமாகக் கூட்டினேன். ச. கா. ய. மே. ரி.

டீக்கடைக்காரர் சிரித்தார். "என்ன பெரியவரே, பரீட்சையா?"

"ஆமப்பு. நீயும் வாரியா?" என்றேன்.

இரட்டைக் கொம்பு போட்ட 'மே'யில் நான் வழக்கமாகத் தடுமாறுவேன். அன்று தடுமாறவில்லை. நம் அம்மாவின் பெயரிலேயே இன்னொருவர் போலிருக்கிறது, 'தாயி, ஒங்க பேர நானே வாசிச்சுட்டேன்' என்று போனதும் அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சந்தோஷத்தோடுதான் கையை எடுத்தேன்.

சரியாகத்தான் வாசித்திருந்தேன்.

படத்தில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். வலது பக்கம் கொஞ்சம் சாய்ந்த தலை, கழுத்தில் சின்னச் சிலுவை. அவர் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தது என் கை. வருடக்கணக்கில் மூடிக் கிடந்து, அவர் திறந்துவிட்ட கை. அது அந்த நிமிடமே ஒவ்வொரு விரலாக மடங்கி மூடிக்கொண்டது. நான் மூடவில்லை. டீக்கடைக்காரர் என்னைப் பிடித்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். கீழே இருந்ததையும் அவர்தான் வாசித்துச் சொன்னார். முந்தின நாளே அடக்கம் முடிந்துவிட்டது. எனக்கு அதற்கு மேல் ஓர் எழுத்தும் தெரியவில்லை.

அந்தக் கையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். வெங்காய மார்க்கெட்டில் முப்பது வருடத்துக்கு மேல் மூட்டை தூக்கினேன். ஒருநாள் அடுக்கிய மூட்டைகள் சரிந்தன. மூட்டைக் கொக்கியைப் பக்கத்து அடுக்கில் குத்தி, விடாமல் பிடித்துக்கொண்டு தப்பித்தேன். பிடித்த விரல்கள் அதற்குப் பிறகு விடவே இல்லை. கை முஷ்டியாகவே நின்றுவிட்டது. டாக்டர்கள் படம் எடுத்துப் பார்த்து, எலும்பில் குறையில்லை என்றார்கள். பல இடங்களில் விரலைப் பிடித்து இழுத்தார்கள், பலகை வைத்துக் கட்டினார்கள். இழுக்க இழுக்க இறுகியது. இடது கையால் சாப்பிட்டு, இடது கையால் கும்பிட்டு, ஒன்பது வருடம் ஓட்டினேன்.

எழுத்துப் படிக்க வேண்டும் என்ற ரோஷம் என் மனைவி முத்தம்மாவால் வந்தது. "மகளிர் குழுவுல நான் கையெழுத்துப் போடுறவ. நீங்க இன்னும் மை டப்பாவத் தேடுறவரு" என்று வருகிறவர் போகிறவர் முன்னால் சொல்வாள். வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். பென்சிலைப் பிடிக்கக் கை இல்லை. அப்போது என்னோடு மூட்டை தூக்கிய சின்னக்காளைதான், தன் கழுத்தைச் சரிசெய்த ஓர் அம்மா நாகல்நகரில் இருக்கிறார் என்று அழைத்துப் போனான்.

"கைய நீட்டுங்கய்யா" என்றார் அம்மா.

"நீட்ட முடிஞ்சா நான் ஏன் தாயி இங்க வாரேன்?"

சிரித்தார். என்னைப் படுக்க வைத்து, முழங்கைக்குக் கீழே ஒரு விரலால் தடவிப் போய் ஓரிடத்தில் அழுத்தினார். உயிர் போனது. அந்த விரலை எடுக்காமலே, இன்னொரு கையால் என் முஷ்டியை உள்பக்கமாக இன்னும் மடக்கினார். மணிக்கட்டையும் சேர்த்துச் சுருட்டினார். வலித்த இடத்தில் வலி மெல்லக் குறைந்தது.

"என்ன தாயி, தெறக்கச் சொன்னா பூட்டுறீங்க?"

"பூட்டு ஊர்ல பொறந்தவ வேற என்ன செய்வேன்?" என்றார். பிறகு பேசவில்லை. அவர் உதடு மட்டும் அசைந்தது.

"மந்திரமா?"

"மந்திரமும் இல்ல, மாயமும் இல்ல. மணி பாக்கக் கை காலியா இருக்கா? மூணு செபம் சொல்லி முடிக்கிற வரைக்கும் பிடிக்கணும். அதுக்குத்தான்."

மூன்றாவது செபம் முடியும்போது என் கைக்குள் ஏதோ இளகியது. அம்மா மெதுவாக, மிக மெதுவாக, கையைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். கட்டைவிரல் ஒரு நெல் அளவு தள்ளி நின்றது. ஒன்பது வருடத்தில் முதல் முறை.

அன்று அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நெருப்புப் பட்டா யோசிச்சா கைய இழுக்கிறோம்? ஒடம்பு தானா இழுத்துக்கும். ஒங்க கையும் அப்படித்தான்யா. அன்னைக்கு மூட்டை சரிஞ்சப்ப ஒங்களக் காப்பாத்தப் பிடிச்சது. மூட்டை விழுந்து முடிஞ்சிருச்சுன்னு அதுக்கு இன்னும் யாரும் சொல்லல. இழுத்தா, மறுபடி ஆபத்துன்னு நெனச்சு இறுக்கும். அது போற பக்கமே கூடப் போனா, பயம் விட்டு அதுவே விட்டுரும்."

என் கையை இத்தனை வருடம் எதிரியாக நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். அது எனக்குக் காவல் இருந்திருக்கிறது என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

ஐந்து மாதம் திங்கட்கிழமை தவறாமல் போனேன். பென்சில் பிடிக்கும் அளவுக்கு விரல்கள் வந்தன. சுண்டுவிரல் மட்டும் மடங்கியே இருந்தது. "அது இருந்துட்டுப் போகட்டும். எழுதுறதுக்கு அது எதுக்கு?" என்றார். எல்லாம் தன்னால் முடியும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

அதற்கு ஒரு சாட்சி சின்னக்காளை. ஒருநாள் இடது தோளிலும் கையிலும் வலி என்று வேர்த்து விறுவிறுத்து வந்தான். எனக்கு முன்னால் தன்னைப் பார்க்கச் சொல்லிச் சண்டை போட்டான். அம்மா அவன் முகத்தைப் பார்த்தார். தொடவே இல்லை. "இது என் கைக்கு அடங்குற வலி இல்ல, எந்திரிங்க" என்று அறையைப் பூட்டாமல், செருப்புக்கூடப் போடாமல் அவனை ஆட்டோவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அது மாரடைப்பு. இன்றைக்கும் சின்னக்காளை உயிரோடு இருக்கிறான். அந்தச் சண்டைக்கு இன்னும் வெட்கப்படுகிறான்.

அம்மாவின் நோட்டை நீங்கள் அறிவீர்கள். ஆளுக்கு ஒரு பக்கம். பெயர், எங்கே வலி, இப்போது எப்படி இருக்கிறது. மூன்றாவதை நம் கையால், நம் சொல்லில் எழுத வேண்டும். என் பக்கத்தில் 'கருப்பையா, எரியோடு' என்று மட்டும் எழுதிவிட்டு, "மிச்சத்த நீங்கதான் எழுதணும். கைநாட்டு வாங்க மாட்டேன்" என்றார். எழுத வந்த பிறகும் நான் தள்ளிப்போட்டேன். எழுத்து கோணலாக வருகிறது, நன்றாக வரட்டும் என்று அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றேன்.

"கோணலா இருந்தா என்னய்யா? கோணல்ல இருந்துதான நம்ம வேலையே ஆரம்பிக்குது" என்றார் கடைசியாகப் பார்த்த அன்று.

"வர்ற திங்கக்கெழம எழுதிருவேன் தாயி. சத்தியம்."

"பென்சிலச் சீவிட்டு வாங்க. எங்கிட்ட இருக்கிறது மொட்டை" என்றார். அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு.

போஸ்டரைப் பார்த்த பிறகு எட்டு நாள் என் கை மூடியே கிடந்தது. பென்சில் பையிலேயே இருந்தது. இனி அந்தப் பக்கத்தை எழுதவே முடியாது என்றுதான் நினைத்தேன். சாப்பிடவும் பிடிக்கவில்லை. முத்தம்மா பொறுக்க முடியாமல் என் விரலைப் பிடித்து இழுக்க வந்தாள்.

"இழுக்காத!" என்று கத்திவிட்டேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "சரி, இழுக்கல. அந்தம்மா என்னதான் செஞ்சாங்க? அதச் செய்யுங்களேன். ஒங்க கைதான, ஒங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

ஒன்பதாம் நாள் காலை, வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். அந்த வலிக்கும் இடத்தை முத்தம்மாவின் விரலுக்குக் காட்டி அழுத்தச் சொன்னேன். இடது கையால் வலது முஷ்டியை உள்ளே மடக்கினேன், இன்னும் மடக்கினேன். அம்மாவின் செபம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அ, ஆ, இ, ஈ என்று தொடங்கி ஃ வரை. முதல் தடவை ஒன்றும் இல்லை. மூன்றாவது தடவை 'ஔ'வைத் தாண்டும்போது கை தானாகப் பெருமூச்சு விட்டதுபோல இளகியது. முத்தம்மா அழுதாள். நானும்தான்.

அன்றே இரண்டு பேரும் அம்மாவின் வீட்டுக்குப் போனோம். மகள் செலின் இருந்தது. எப்படி நடந்தது என்று கேட்டேன்.

"ரெண்டு நாளா எடது தோள் வலின்னாங்க தாத்தா. ஆஸ்பத்திரிக்குப் போவோம்மான்னா, 'செத்த நேரம் படுத்தாச் சரியாப் போயிரும், நாளைக்கு ஆளுங்க வருவாங்க'ன்னாங்க. சனிக்கெழம மாடிப்படில உக்காந்தவங்க எந்திரிக்கல."

சின்னக்காளையின் தோள் வலியைத் தொடாமலே கண்டுகொண்டவர். செருப்பில்லாமல் ஓடியவர். தன் தோளுக்காக எழுந்து நடக்கவில்லை. அதற்கு என்ன காரணம் சொல்வது? இத்தனை நாள் யோசித்தும் எனக்குத் தெரியவில்லை. அந்த அதிர்ச்சி இன்னும் என்னை விடவில்லை. தோள் வலி என்று இதை வாசிக்கும் யாராவது படுத்திருந்தால், தயவுசெய்து எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அம்மா உங்களை அங்கேதான் அனுப்பியிருப்பார்.

செலின் நோட்டை எடுத்து வந்து என் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது. "முப்பதாம் நாள் செபத்துக்கு எல்லாரும் வருவாங்க. நீங்களும் ஏதாவது எழுதிட்டு வாங்க தாத்தா. அம்மா ஒங்க பக்கத்தப் பத்தித்தான் பேசிக்கிட்டே இருப்பாங்க" என்றது. அதற்காகத்தான் இதை எழுதினேன். பதினெட்டு நாள் ஆனது. தினமும் உட்காரும்போது கை மூடிக்கொள்ளும். தினமும் அதை மடக்கி, அ முதல் ஃ வரை மூன்று முறை சொல்லி, அது விடும்வரை காத்திருந்து எழுதினேன். அம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் காத்திருப்புதான். அதை வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் நோட்டில் இருந்த பக்கத்தை அன்று அவர் வீட்டிலேயே எழுதிவிட்டேன். செலின் கொடுத்த பேனாவை வாங்கவில்லை. பையிலிருந்த பென்சிலை எடுத்தேன். எங்கே வலி என்ற இடத்தில் 'வலது கை' என்று எழுதினேன். இப்போது எப்படி இருக்கிறது என்ற இடத்தில், கோணலாக, இப்படி எழுதினேன்:

'தாயி, மூட்டை விழுந்து முடிந்துவிட்டது. கை திறந்திருக்கிறது.'