கீற்று போட்டு மூடிய வேன்

1974 மார்ச் 11, திங்கட்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். மேகம் இல்லை. தென்கிழக்கிலிருந்து லேசான காற்று, அதில் உப்பு ஈரம். அந்த நேரத்தில்தான் வேன் எங்கள் வாசலில் வந்து நின்றது.

ஓட்டி வந்தவர் ஒரு வெள்ளைக்காரர். அவருடைய ஊரிலிருந்து ஒன்பது நாடுகளைத் தாண்டி அதே வண்டியில் வந்து, இடையஞ்சாவடிப் பக்கம் குடிசை போட்டுத் தங்கிவிட்டவர். இனி எங்கும் போவதாக இல்லை என்பதால் விற்கிறார். நான் இருபத்தொன்பது வருடம் மரக்காணத்தில் ஓர் உப்புக் கம்பெனியில் கணக்கு எழுதி, அந்த ஜனவரியில் ஓய்வு பெற்றவன். கையில் வந்த பணம் பதின்மூன்றாயிரம். அதில் ஏழாயிரத்தை எண்ணிக் கொடுத்தேன். மூன்று முறை எண்ணினேன். அவர் ஒரு முறைகூட எண்ணவில்லை.

வேனுக்குள் ஒரு வீடு இருந்தது. ஆறடி இரண்டு அங்குல நீளத்தில் கட்டில், இரண்டு பர்னர் அடுப்பு, கை கழுவத் தொட்டி, ஐந்து அலமாரி, ஏழு ஜன்னல். நான் வாங்கியது கட்டிலைத்தான். என் மனைவிக்கு இதய வால்வில் கோளாறு. ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தால் உதடு நீலமாகிவிடும். பாண்டிச்சேரி டாக்டர், பஸ்ஸும் ரயிலும் கூடாது, படுத்துக்கொண்டே போக முடிந்தால் போகட்டும், அதுவும் இரண்டு வருடத்துக்குள் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவளுக்கு மலை பார்க்க வேண்டும். ஏற்காடு, ஊட்டி, அதற்கு அப்பால் குடகு. உப்புப் பாத்தியும் கடலும் தவிர வேறெதையும் பார்க்காதவளுக்குத் திண்டிவனம் தாண்டினால் எல்லாம் புது தேசம்தான்.

கட்டிலில் படுத்துப் பார்த்துவிட்டு, "ஏங்க, மல ஏறும்போது தல கீழ போயிடுமா?" என்று கேட்டாள்.

"பெட் பிரேக் போடும்" என்றார் வெள்ளைக்காரர். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவு. அவள் வெகுநேரம் சிரித்தாள். பிறகு மூச்சு வாங்கியது.

கை மாறிய வெளிநாட்டு வண்டிக்குச் சுங்கத் தீர்வை கட்டி, நம் ஊர் நம்பர் வாங்கும்வரை ரோட்டில் ஓட்டக்கூடாது. ஒரு மாதம் என்றார்கள். ஐந்து மாதம் ஆயிற்று. அவள் தினமும் மாலையில் வேனில் ஏறி, ஏழு ஜன்னலுக்கும் திரை தைத்தாள். ஆகஸ்ட் 5ஆம் தேதி தீர்வைத் தொகை வந்தது: நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. நான் அன்றே உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். வண்டியின் வயதை ஒரு வருடம் குறைத்துப் போட்டிருந்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய் அதிகம்.

"கட்டிடுங்க சார், நாளைக்கே பேப்பர் தர்றேன்" என்றார் சுங்க அலுவலகக் குமாஸ்தா. "இல்லன்னு மனு குடுத்தா ஃபைல் மேல போவும். லேட் ஆவும்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "தப்பா போட்டிருக்கான்னா விடுவீங்களா நீங்க? மனு குடுங்க" என்றாள். அவளுக்கு டாக்டர் சொன்ன இரண்டு வருடம் தெரியாது. எனக்குத் தெரியும். மனு கொடுத்தேன்.

ஐப்பசி வந்தது. மழையில் எங்கள் தெரு முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீரில் நிற்கும். தண்ணீர் ஏறாத இடம் ஒன்றுதான்: உப்பை வாரிக் குவிக்கும் மேடு. வேனை அங்கே தள்ளிக்கொண்டு போனோம். மழைக்கு முன் உப்பு அம்பாரத்தை எப்படி மூடுவோமோ அப்படியே மூடினேன். அடி முதல் உச்சி வரை மூன்று அடுக்குக் கீற்று, மேலே கயிறு, ஓரத்தில் களிமண் அணை. இருபத்தொன்பது வருடத்தில் நான் மூடச் சொன்ன அம்பாரம் ஒன்றுகூடக் கரைந்ததில்லை.

"இன்னா ஐயா, வேன வெளைய வெச்சிட்டீங்க! தை மாசம் ரெண்டு வேனா எடுக்கலாமா?" என்றான் உப்பள மேஸ்திரி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உப்பளத்தில் வாருகிற பலகையிலிருந்து தண்ணீர் இறைக்கிற ஏற்றம் வரை மரம். இரும்பை நாங்கள் கிட்டே சேர்ப்பதில்லை. ஏன் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். ஆனால் மூடும்போது என் கண்ணுக்குத் தெரிந்தது மழை ஒன்றுதான். நனையக்கூடாது என்றே நினைத்தேன். கீழே பல வருட உப்பு ஊறிய மண். அதன் ஆவி வெளியே போக ஒரு விரல் சந்துகூட விடாமல் அடைத்தவன் நான்.

மனு கொடுத்த நூற்று அறுபத்தெட்டாம் நாள், ஜனவரி 20, அது எனக்குச் சாதகமாக முடிந்தது. நாலாயிரத்து ஐந்நூறு கட்டினேன். கீற்றைப் பிரித்தால் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. உள்ளே கால் வைத்தேன். வலது கால் தரையைத் துளைத்துக்கொண்டு மண்ணைத் தொட்டது.

வெல்டிங்காரர் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "வெல்டு புடிக்க இரும்பு வேணும் ஐயா. இங்க துருதான் இருக்குது."

"மல வரைக்கும் தாங்குமா?"

"பாண்டி வரைக்கும் தாங்குனா எனக்குச் சொல்லி அனுப்புங்க."

இரும்பு மிச்சம் இருந்த இடத்தில் தகடு வைத்து ஒட்டினார். பிப்ரவரி 10, காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். முதலில் பாண்டிச்சேரியில் டாக்டரைப் பார்த்துவிட்டு மேற்கே திரும்புவதாகத் திட்டம். அவள் புதுப் புடவை கட்டிக் கட்டிலில் படுத்திருந்தாள். கூனிமேட்டில், பதினேழாவது கிலோமீட்டரில், பின்பக்கம் ஒரு சத்தத்தோடு உட்கார்ந்துவிட்டது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். கட்டில் சரிந்திருந்தது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மல வந்துடுச்சாங்க?" என்றாள்.

எதிர்க் கடை பாய் டீயும் விசிறியும் கொண்டு வந்தார். "அம்மா உள்ளயே இருக்கட்டும் சார். இழுக்க மாட்டுக்கு நான் சொல்லி விடறேன்" என்றார். இரண்டு ஜோடி மாடு வந்தது. பின்பக்கத்தைச் சவுக்குக் கழியில் தூக்கிக் கட்டி, வந்த வழியே இழுத்துப்போனார்கள். ஆறு மணி நேரம். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் திரையை விலக்கி, சவுக்குத் தோப்பைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பாதி வழியில் கேட்டாள்.

"அந்த நானூத்திப் பன்னெண்டு கொறச்சிட்டாங்க இல்ல?"

"கொறச்சிட்டாங்க."

"அப்ப சரி" என்றாள்.

அதற்கு அறுபத்தொன்றாம் நாள் அவள் இறந்தாள். வீட்டில், எங்கள் பழைய கட்டிலில்.

வேன் ஏழாயிரம். தீர்வை நாலாயிரத்து ஐந்நூறு. அலுவலகத்துக்குப் போய்வந்த பதினொரு நடைக்கு இருநூற்று எண்பத்தாறு. திரைத்துணி, கீற்று, கயிறு நூற்று நாற்பது. வெல்டிங் முந்நூற்றுப் பத்து. மாட்டுக்கு இருபத்து நாலு. பழைய இரும்புக்காரன் எடுத்துப்போனபோது கொடுத்தது எண்ணூற்று ஐம்பது. அதைக் கழித்தால், பதினோராயிரத்து நானூற்றுப் பத்து ரூபாய்.