பொறுக்கி எடுத்த பன்னிரண்டு பழம்

இந்திராணி அக்கா தோப்பில் பூச்சிமருந்து அடித்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. புத்தூர் பக்கம் எங்கள் ஊரில் மற்ற எல்லா மாந்தோப்பிலும் அடிப்பார்கள், பக்கத்திலேயே இருக்கிற என்னுடையதிலும்தான். அக்கா வீட்டுக்காரர் சந்திரன் ஒருநாள் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு அடித்தவர், மரத்தடியிலேயே சுருண்டு விழுந்தார். உயிர் தப்பியது, பார்வை போய்விட்டது. இனி அந்த விஷம் நம் தோப்புக்குள் வராது என்று அவர் கையைப் பிடித்து அக்கா சொன்னார்.

சொன்னபடியே இருந்தார். ஆனால் மருந்தடிக்காத தோத்தாபுரி மாம்பழத்துக்குத் தோலில் கரும்புள்ளி விழும். உள்ளே சதைக்கு ஒரு குறையும் இருக்காது. கூழாக்கப் போகிற பழத்துக்குத் தோல் அழகு எதற்கு? அதை மாங்கூழ் ஃபேக்டரிக்காரர்களிடம் கேட்க வேண்டும். போன சீசனில் வாசல் கேட்டிலேயே அக்காவின் இரண்டு டிராக்டர் லோடைத் திருப்பி அனுப்பினார்கள்.

அந்த நேரத்தில்தான் திருப்பதியில் அரசாங்கக் கூட்டம். மண்ணும் கெடாமல் மனுஷனும் கெடாமல் உணவு விளைவிக்கக் கொள்கை எழுதுகிறார்களாம். கம்பெனிக்காரரும் பேசலாம், விவசாயியும் பேசலாம்.

"புள்ளிப் பழத்தையும் வாங்கணும்னு எழுதிட்டாங்கன்னா போதும், தீனா. இல்லன்னா நானும் மருந்துதான் அடிக்கணும்" என்றார் அக்கா. துணைக்கு நானும் போனேன்.

பெரியவர்கள் வருகிற இடத்துக்கு வெறுங்கையோடு போவது மரியாதையா? அக்கா விடிந்ததுமே தோப்பைச் சுற்றி, ஒரு புள்ளிகூட இல்லாத பழமாகப் பன்னிரண்டைப் பொறுக்கி, துடைத்துப் பையில் வைத்திருந்தார். பார்த்துக்கொண்டு நின்ற எனக்கும் உறைக்கவில்லை. மடையன் நான்.

பாதி தெலுங்கு, பாதி தமிழ் என்று அக்கா நன்றாகவே பேசினார். பிறகு ஃபேக்டரி சங்கத்துக்காரர் எழுந்தார். அக்கா மேஜை மேல் வைத்திருந்த பழத்தில் ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"சூடண்டி, மருந்தில்லாமலே எப்படி விளைஞ்சிருக்குது பாருங்க. அப்போ புள்ளி விழறது விவசாயி அலட்சியம்தானே? கழிவு சரக்கை எங்க தலையில கட்டினா அதுவா பூமிக்கு நல்லது?"

கைதட்டினார்கள்.

"ஐயோ, அது பொறுக்கி எடுத்தாந்தது சார்!" என்று அக்கா கத்தினார். மைக் அடுத்தவரிடம் போய்விட்டது. இரண்டு தரப்புக் கருத்தும் பதிவாகிவிட்டதாக அதிகாரி சொன்னார். அக்காவுக்குச் சால்வை போட்டு போட்டோ எடுத்தார்கள். பழத்தை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போனார்கள்.

தை மாதம் பூ பிடித்ததும் அக்கா எனக்குப் போன் செய்தார். மருந்து டேங்கை எடுத்துக்கொண்டு வா என்றார். நான்தான் அடித்தேன். வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்த சந்திரன் அண்ணன் மூச்சை இழுத்து மோந்து பார்த்தார்.

"இன்னா வாசன இது? நம்ம தோப்பா?"

"நம்ம தோப்புல யாரு அடிக்கிறாங்க? பக்கத்து தோப்பு. காத்துல வருது" என்றார் அக்கா.

"தீனா அடிக்கிறானா? மூஞ்சில துணி கட்டிக்கினு அடிக்கச் சொல்லு, பாவம்" என்றார் அண்ணன்.